பட்டியல் சாதிப் பெண் தொழில்முனைவோர் அரசுக் கொள்முதலில் பங்கேற்க எந்தச் சான்றிதழ் வேண்டும்?

தோல்கூடம் (ராணிப்பேட்டை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை அருகே நானும் என் கணவரும் தொழிற்சாலைகளுக்கான தோல் கையுறை தைக்கும் சிறு கூடம் ஒன்றை நடத்தி வருகிறோம். பல ஆண்டுகள் ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்துவிட்டு, இப்போது ஸ்ப்ளிட் தோலை (மேல்பரப்பைப் பிரித்தெடுத்த பின் கிடைக்கும் அடித்தோல்) நாங்களே வாங்கி, வெட்டி, வெல்டர்கள் அணியும் முழங்கை நீளக் கையுறைகளையும் ஏப்ரன்களையும் எங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே விற்கத் தொடங்கியிருக்கிறோம். தோல் தேர்வு, வெட்டு, ஆட்களின் சம்பளம், வாடிக்கையாளர்களுடன் பேச்சு எல்லாம் என் பொறுப்பு. கணவர் வங்கி வேலைகளையும் வாகனப் போக்குவரத்தையும் பார்த்துக்கொள்கிறார்.

எங்கள் நிறுவனம் கூட்டாண்மை அமைப்பில் உள்ளது. ஒப்பந்தப் பத்திரத்தில் இருவருக்கும் ஐம்பதுக்கு ஐம்பது பங்கு. நான் ஆதிதிராவிடர் வகுப்பைச் சேர்ந்தவள்; கணவர் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் இணையவழிப் பதிவான உத்யம் பதிவை ஒரு தரகர் கணவரின் ஆதாரை வைத்துச் செய்து கொடுத்ததால், அதில் உரிமையாளர் ஆண் என்றும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றும் பதிவாகியிருக்கிறது. அதே தரகர் இப்போது, பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்தால் "எஸ்.சி. பெண் தொழில்முனைவோர் சான்றிதழ்" வாங்கித் தருவதாகவும், அது கையில் இருந்தால் பொதுத்துறை நிறுவனங்கள் ஆர்டர் கொடுத்தே தீர வேண்டும் என்றும் சொல்கிறார். அப்படி ஒரு சான்றிதழ் உண்மையில் இருக்கிறதா? என்.எஸ்.ஐ.சி. (தேசியச் சிறுதொழில் கழகம்) பதிவு கட்டாயமா? ஐம்பது விழுக்காட்டுப் பங்கு போதுமா? ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவினரும் அண்மையில் "பெண் உரிமையாளர் சான்று உண்டா?" என்று கேட்டார்கள். அதுவும் இதுவும் ஒன்றா? அறிந்தவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற தொழில்துறை அலுவலர் (சென்னை) பதில்:

சகோதரிக்கு வணக்கம். முதலில் அந்தப் பதினெட்டாயிரம் ரூபாயைக் கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் பெயரில் மத்திய அரசு தனிச் சான்றிதழ் எதையும் வழங்குவதில்லை. உங்களுக்கு வேண்டியவை இரண்டே: சரியான விவரங்களுடன் கூடிய உத்யம் பதிவு, வட்டாட்சியர் வழங்கிய உங்கள் சாதிச் சான்றிதழ். உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது; அதற்குக் கட்டணமே கிடையாது. அரசின் தளம் ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடியும். தேடுபொறியில் அதற்கு முன்னால் வந்து நிற்கும் பல தளங்கள் தனியார் நடத்துபவை. தோற்றத்தில் அரசுத் தளம்போலவே இருக்கும், கடைசியில் பணம் கேட்கும்.

இதன் சட்டப் பின்னணியைத் தெரிந்துகொண்டால் யார் எதைச் சொன்னாலும் நீங்களே சரிபார்த்துக்கொள்ள முடியும். 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (நுண், சிறு, நடுத்தர நிறுவனங்கள்) மேம்பாட்டுச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்கீழ், 2012இல் நுண், சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை வெளியானது. மத்திய அமைச்சகங்கள், துறைகள், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவை தம் ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 20 விழுக்காட்டை நுண், சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்றும், அதற்குள் 4 விழுக்காடு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும் என்றும் அது கூறியது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் 20ஐ 25 ஆக்கியதோடு, பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 விழுக்காட்டையும் சேர்த்தது. உங்கள் ஊரிலேயே ஆலை வைத்திருக்கும் பெல் (பாரத மிகுமின்) நிறுவனமும் மத்தியப் பொதுத்துறை என்பதால் இந்த ஆணைக்கு உட்பட்டதுதான். மாநில அரசின் துறைகளும் வாரியங்களும் இதற்குள் வாரா; அவற்றுக்குத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 தனி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த 25, 4, 3 ஆகியவை வாங்கும் நிறுவனத்தின் மேல் வைக்கப்பட்ட ஆண்டு இலக்குகளே அன்றி, குறிப்பிட்ட ஒரு விற்பனையாளருக்கு அளிக்கப்பட்ட உரிமை அல்ல. தகுதியுள்ள எஸ்.சி., எஸ்.டி. நிறுவனம் ஒப்பந்தப்புள்ளியில் பங்கேற்கவில்லை என்றாலோ, பங்கேற்றும் நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை என்றாலோ, அந்த 4 விழுக்காட்டை மற்ற நுண், சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்கிக்கொள்ள ஆணையே இடம் கொடுக்கிறது. எனவே "ஆர்டர் கொடுத்தே தீர வேண்டும்" என்பது தரகரின் வியாபாரப் பேச்சு.

அடுத்து உங்கள் பங்குக் கேள்வி. தனியுரிமை நிறுவனமாக இருந்தால் உரிமையாளரே எஸ்.சி. அல்லது எஸ்.டி. வகுப்பினராக இருக்க வேண்டும். கூட்டாண்மையாக இருந்தால் அவ்வகுப்புப் பங்குதாரர்களிடம் குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும். தனியார் நிறுமமாக இருந்தால் அவ்வகுப்பு நிறுவனர்களிடம் குறைந்தது 51 விழுக்காட்டுப் பங்கு இருக்க வேண்டும். பெண்கள் நடத்தும் நிறுவனம் என்பதற்கும் இதே அளவுகோல்தான். ஐம்பது விழுக்காட்டுடன் நீங்கள் இரண்டிலும் தகுதி பெறமாட்டீர்கள். 51 ஆனால் இரண்டிலும் பெறுவீர்கள்.

சாதிச் சான்றிதழைப் பொறுத்தவரை, திருமணத்தால் உங்கள் சாதி மாறுவதில்லை. பிறப்பின் அடிப்படையில் உங்கள் பெயரில் வழங்கப்பட்ட சான்றிதழே செல்லும். ஆனால் மத மாற்றம் வேறு செய்தி. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தோருக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி உண்டு. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களைத் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. இதில் உள்ள நியாய அநியாயம் நெடுங்காலமாக வழக்காடப்படும் பொருள். அதற்குள் நான் போகவில்லை. பழங்குடியினருக்கு இந்த மத நிபந்தனை இல்லை. உத்யம் படிவத்தில் சமூகப் பிரிவை நீங்களே குறிப்பிடுகிறீர்கள், அங்கே யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. கொள்முதல் செய்யும் நிறுவனம்தான் பின்னர் கேட்கும். அந்த நேரத்தில் இரண்டும் பொருந்தாமல் போனால் ஒப்பந்தப்புள்ளி தள்ளுபடியாவதோடு நிற்காது, தடைப் பட்டியல்வரை போகக்கூடும்.

என்.எஸ்.ஐ.சி.யின் ஒற்றைமுனைப் பதிவு கட்டாயம் இல்லை. கொள்முதல் கொள்கையின் சலுகைகளுக்கு உத்யம் பதிவே போதும். ஆனாலும் என்.எஸ்.ஐ.சி. பதிவில் உங்கள் இயந்திரங்கள், ஆட்கள், உற்பத்தித் திறன் ஆகியவற்றை நேரில் ஆய்வு செய்து, எவ்வளவு மதிப்புவரை நீங்கள் வழங்க இயலும் என்று ஒரு வரம்பைக் குறித்துத் தருகிறார்கள். புதிதாக வருபவரை நம்பத் தயங்கும் கொள்முதல் அலுவலருக்கு அந்தத் தாள் ஓரளவு ஆறுதல் தரும். எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்காக 2016இல் தொடங்கப்பட்ட தேசிய மையத்தையும் என்.எஸ்.ஐ.சி.யே நடத்துகிறது, பரிசோதனைக் கட்டணம், வங்கி உத்தரவாதக் கட்டணம் போன்றவற்றில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற அங்கே வழி உண்டு. அவர்களிடம் நேரில் பேசுங்கள்.

இன்னும் ஒன்று, பலரும் தவறவிடுவது. இந்தச் சலுகைகள் உற்பத்தி செய்பவருக்கும் சேவை வழங்குபவருக்கும் மட்டுமே. 2021இல் சில்லறை, மொத்த வணிகர்களும் உத்யம் பதிவு செய்துகொள்ள அனுமதி கிடைத்தது. ஆனால் அது முன்னுரிமைத் துறைக் கடனுக்காக மட்டுமே. உங்கள் பதிவில் தரகர் எந்தத் தொழில் வகைக் குறியீட்டைப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். கையுறை உற்பத்திக்கு உரிய குறியீடு இல்லாமல் "தோல் பொருள் வணிகம்" என்று மட்டும் இருந்தால், பங்கைச் சரிசெய்தும் பயன் இருக்காது.

தோல்கூடம் (ராணிப்பேட்டை):

மிக விரிவாக எழுதியமைக்கு நன்றி, ஐயா. பதிவுத் தாளை எடுத்துப் பார்த்தேன். "வணிகம்" என்றுதான் இருக்கிறது. உற்பத்தி என்ற பேச்சே இல்லை.

பங்கைப் பொறுத்தவரை, கூட்டாண்மையைக் கலைத்துவிட்டு என் பெயரில் தனியுரிமை நிறுவனமாக மாற்றிவிட்டால் எளிதாக இருக்கும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். கூட்டாண்மை நிறுவனத்தின் பெயரில் இயந்திரக் கடன் ஒன்று பாக்கி இருக்கிறது. எது நல்லது?

கணக்காயர் (வேலூர்) பதில்:

கலைக்க வேண்டாம் என்பது என் கருத்து. தனியுரிமை நிறுவனமானால் பான் எண் உங்கள் சொந்த எண்ணாக மாறிவிடும், அதனால் ஜி.எஸ்.டி. பதிவு புதிது, உத்யம் புதிது, நடப்புக் கணக்கு புதிது. இயந்திரக் கடனை மாற்ற வங்கி மறுபடியும் முதலிலிருந்து ஆவணம் கேட்கும். எல்லாவற்றையும்விட, இதுவரை உங்கள் நிறுவனத்தின் பெயரில் சேர்ந்த விற்பனைப் பட்டியல்களும் வருமான வரிக் கணக்குகளும் பழைய பான் எண்ணிலேயே நின்றுவிடும். ஒப்பந்தப்புள்ளியில் அனுபவம் கேட்கும்போது "அந்த நிறுவனமும் நான்தான்" என்று விளக்கிக்கொண்டிருக்க நேரும்.

கூட்டாண்மையை அப்படியே வைத்துக்கொண்டு பங்கு விகிதத்தை மட்டும் மாற்றினால் பான் எண் தொடரும். செய்ய வேண்டியது, முத்திரைத்தாளில் துணை ஒப்பந்தப் பத்திரம் ஒன்று எழுதி இருவரும் கையொப்பமிடுவது, நிறுவனம் பதிவு செய்யப்பட்டதாக இருந்தால், மாற்றத்தைக் கூட்டாண்மை நிறுவனப் பதிவாளரிடம் தெரிவிப்பது, வங்கிக்கும் ஜி.எஸ்.டி. தளத்துக்கும் புதிய பத்திரத்தைக் கொடுப்பது. கடன் இருப்பதால் வங்கிக்கு முன்கூட்டியே எழுத்துமூலம் சொல்லிவிடுங்கள். பத்திரத்தில் சரியாக 51 என்று எழுதுவதைவிட 55 அல்லது 60 என்று எழுதுவது நல்லது. பின்னாளில் மகனையோ மகளையோ சிறு பங்குடன் சேர்க்கும்போது கோட்டுக்குக் கீழே இறங்காமல் இருக்கும்.

அந்தப் பத்திரத்தில் இலாபப் பங்கை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள். மூன்று வாசகங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். மூலதனப் பங்களிப்பும் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். நிர்வாகப் பங்குதாரர் நீங்கள் என்று பெயர் குறிப்பிட்டிருக்க வேண்டும். வங்கிக் கணக்கை நீங்கள் தனியாக இயக்கும் அதிகாரம் வேண்டும். இரண்டாவது வாசகம் உத்யமுக்கே இன்றியமையாதது: கூட்டாண்மை நிறுவனத்துக்கு நிர்வாகப் பங்குதாரரின் ஆதாரை வைத்துத்தான் பதிவு செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது; உங்கள் பதிவில் ஆண், பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று வந்ததற்கும் அதுவே காரணம்.

பழைய பதிவு தவறாக இருக்கிறது என்பதற்காக இன்னொரு உத்யம் பதிவு எடுத்துவிடாதீர்கள். ஒரு நிறுவனத்துக்கு ஒரு பதிவுதான் என்பது விதி. தளத்தில் உள்ள திருத்தப் பகுதியில் தொழில் வகைக் குறியீட்டை நீங்களே சேர்க்கலாம். ஆதார் தொடர்பான மாற்றம் அங்கே முடியாவிட்டால், துணைப் பத்திரத்துடன் மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளருக்கு மனு கொடுங்கள்; அதற்கும் மேலே கிண்டியில் எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டு அலுவலகம் இருக்கிறது.

இதை எழுதும்போதே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மனைவியின் பெயரில் 51 எழுதி, முதலீடும் கையொப்பமும் முடிவும் கணவருடையதாகவே இருக்கும் நிறுவனங்கள் என் மேசைக்கு நிறையவே வருகின்றன. உங்கள் நிலை அதுவல்ல என்பது நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது. உண்மையில் உங்கள் வேலையைத்தான் பத்திரம் இதுவரை மறைத்து வைத்திருக்கிறது. அதனால்தான் பத்திரத்தைத் தாராளமாக மாற்றச் சொல்கிறேன்.

வார்ப்படம் (கோவை) பதில்:

மேலே எழுதியவர்கள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு விலைப் போட்டியில் என்ன நடக்கும் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

கொள்கையில் உள்ள விலைச் சலுகையைப் பற்றி எல்லாரும் பெரிதாகப் பேசுவார்கள். மிகக் குறைந்த விலை கொடுத்தவரை எல்-1 என்போம். ஒரு இணை கையுறைக்கு எல்-1 நூறு ரூபாய் என்றும், நீங்கள் 112 ரூபாய் என்றும் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எல்-1 விலையிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருப்பதால், நூறு ரூபாய்க்கு இறங்கி வரச் சம்மதித்தால் மொத்தத் தேவையில் 25 விழுக்காடுவரை உங்களுக்குக் கிடைக்கலாம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் இது எல்-1 ஆக வந்தவர் நுண், சிறு நிறுவனமாக இல்லாத போதுதான். அவரும் உங்களைப் போல் உத்யம் வைத்திருக்கும் சிறு நிறுவனமாக இருந்தால் இந்தப் பேச்சே எழாது. நுண், சிறு நிறுவனங்களிடமிருந்து மட்டுமே வாங்க வேண்டும் என்று ஒதுக்கப்பட்ட 358 பொருள்களின் பட்டியலில் எல்லா வகைக் கையுறைகளும் இருக்கின்றன. அது உங்களுக்குச் சாதகம்தான், பெரிய ஆலை எதுவும் உங்களோடு போட்டிக்கு வர முடியாது. ஆனால் அதனாலேயே போட்டியில் நிற்பவர் அனைவரும் சிறு நிறுவனங்கள் ஆகிவிடுவதால், விலைச் சலுகை உங்கள் பொருளில் பெரும்பாலும் ஏட்டளவில்தான் இருக்கும். கொல்கத்தாவிலும் கான்பூரிலும் இருந்து வரும் விலைகளைப் பார்த்துவிட்டு உங்கள் அடக்க விலையை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

உறுதியாகக் கிடைப்பது எது என்றால், ஒப்பந்தப்புள்ளி ஆவணம் இலவசம், ஒப்பந்தப்புள்ளியோடு பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு. பொதுவாக மதிப்பில் 2 முதல் 5 விழுக்காடுவரை முன்வைப்பு கேட்பார்கள். நாலைந்து ஒப்பந்தப்புள்ளிகளில் ஒரே நேரத்தில் பங்கேற்கும்போது அந்தப் பணம் முடங்காமல் இருப்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய விடுதலை. ஆனால் ஆர்டர் கிடைத்த பிறகு கட்ட வேண்டிய செயல்பாட்டு உத்தரவாதத் தொகைக்கு விலக்கு இல்லை. அதை மறந்துவிட்டு விலை போட்டவர்கள் பிறகு நகையை அடகு வைக்க ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

முன் அனுபவம், விற்றுமுதல் ஆகிய நிபந்தனைகளைத் தளர்த்தலாம் என்று விதி இருப்பதும் உண்மைதான். ஆனால் தரமும் தொழில்நுட்பக் குறிப்புகளும் நிறைவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதனோடு ஒட்டியே வருகிறது. அத்துடன் பொதுமக்கள் பாதுகாப்பு, உடல்நலம் போன்றவை தொடர்பான பொருள்களுக்குத் தளர்த்த வேண்டியதில்லை என்ற விதிவிலக்கும் உண்டு. வெல்டர் கையுறை பாதுகாப்புச் சாதனம் என்பதால், சில அலுவலர்கள் அந்த விதிவிலக்கைச் சுட்டிக்காட்டி அனுபவம் கேட்கக்கூடும். ஒப்பந்தப்புள்ளியின் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள். தளர்வு உண்டா இல்லையா என்று அதிலேயே எழுதியிருப்பார்கள்.

பாதுகாப்புக் கவசம் (ஓசூர்) பதில்:

கோவை நண்பரின் எச்சரிக்கை சரியானதே, ஆனாலும் அதைப் படித்துவிட்டுத் தோல்கூடம் சகோதரி பின்வாங்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நானும் பெண், தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆடைகள் தைக்கும் நிறுவனம் நடத்துகிறேன். அரசு ஆர்டர் எங்கள் விற்பனையில் ஒரு பகுதிதான், பெரும்பகுதி தனியார் ஆலைகள். உங்கள் நான்காவது கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

பன்னாட்டு நிறுவனம் கேட்டதும் அரசு கேட்பதும் ஒன்றல்ல. பல பன்னாட்டு நிறுவனங்கள் பெண்கள் நடத்தும் நிறுவனங்களிடமிருந்து வாங்குவதைத் தம் கொள்முதல் கொள்கையிலேயே எழுதி வைத்திருக்கின்றன. அவை பொதுவாக வீகனெக்ட் இன்டர்நேஷனல் போன்ற அமைப்பின் சான்றைக் கேட்கும். அங்கேயும் அளவுகோல் 51 விழுக்காடுதான், ஆனால் பங்கோடு நிற்பதில்லை: நிறுவனத்தைப் பெண்ணே நிர்வகிக்கிறாரா, முடிவுகள் அவருடைய கட்டுப்பாட்டில் இருக்கின்றனவா என்பதையும் பார்ப்பார்கள். எங்கள் கூடத்துக்கு ஆய்வுக்கு வந்தவர் பத்திரத்தைப் புரட்டிவிட்டு மூடிவைத்தார். பிறகு, துணிக்கு யார் விலை பேசுகிறார், போன மாதம் ஊதிய உயர்வை யார் முடிவு செய்தார், வங்கியில் யார் கையொப்பம் போடுகிறார் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே கூடத்தைச் சுற்றி நடந்தார். பக்கத்தில் நின்ற என் அண்ணன் ஆர்வத்தில் வாயைத் திறந்தபோதெல்லாம், "அவர்கள் சொல்லட்டும்" என்று நிறுத்திவிட்டார். வேலூர் கணக்காயர் சொன்ன வங்கிக் கையொப்ப வாசகம் அங்கே கைகொடுக்கும். இந்தச் சான்றுக்குக் கட்டணம் உண்டு, எனவே கேட்ட நிறுவனத்திடம் உண்மையிலேயே வாங்கும் எண்ணம் இருக்கிறதா என்று முதலில் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். பெயரைப் பட்டியலில் சேர்த்துக்கொள்வதற்காக மட்டும் கேட்பவர்களும் இருக்கிறார்கள். எஸ்.சி. தொழில்முனைவோர் என்ற வகையில், 2005இல் மிலிந்த் காம்ப்ளே தொடங்கிய தலித் இந்தியத் தொழில் வர்த்தக சபையையும் தொடர்பு கொண்டு பாருங்கள். பெரிய நிறுவனங்களின் கொள்முதல் அலுவலர்களை நேரில் சந்திக்கும் வாய்ப்பு அத்தகைய கூட்டங்களில் கிடைக்கும்.

இனி, சமூக அடிப்படையிலான சான்றுகளைவிட உங்கள் பொருளுக்கு அதிகம் உதவக்கூடியவை. தோல் பாதுகாப்புக் கையுறைக்கு ஐ.எஸ். 6994 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. உங்கள் கையுறையைச் சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பரிசோதிக்கக் கொடுத்து, தோலின் தடிமன், கிழிபடும் வலிமை, தையல் வலிமை ஆகியவற்றுக்கு அறிக்கை வாங்குங்கள். தையலைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்: வெல்டர் கையுறையில் சாதாரண பாலியெஸ்டர் நூல் போட்டால் தீப்பொறி பட்ட இடத்தில் நூல் உருகித் தோல் விரிந்துவிடும், வெப்பம் தாங்கும் கெவ்லார் நூலில் தைத்து, விரல் இடுக்குகளில் தையலைக் காக்கும் தோல் பட்டை வைத்த மாதிரியைத்தான் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முன் அனுபவம் இல்லாதவருக்குத் தளர்வு கொடுக்கலாமா என்று தயங்கும் அலுவலர், சாதிச் சான்றிதழை ஏறிட்டுப் பார்ப்பதற்கு முன் இந்த அறிக்கையைத்தான் பார்ப்பார். அது வலுவாக இருந்தால் தளர்வு கொடுப்பதற்கு அவருக்கும் கையில் ஒரு காரணம் இருக்கும்.

எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்தின் ஸெட் சான்றும் (பழுதில்லாத, சுற்றுச்சூழலைக் கெடுக்காத உற்பத்திக்கானது) உண்டு. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகள். வெண்கலத்துக்குக் கட்டணம் 10,000, வெள்ளிக்கு 40,000, தங்கத்துக்கு 90,000 ரூபாய் என்றிருந்தாலும், 2023 இறுதியிலிருந்து பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு முழுக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. இந்தச் சலுகைக்கும் உத்யம் பதிவில் பெண் உரிமையாளர் என்று இருந்தாக வேண்டும். ஆகையால் பங்கு, பத்திரம், உத்யம் திருத்தம் இம்மூன்றையும் முடித்த பிறகே ஸெட் தளத்துக்குள் நுழையுங்கள்.

தோல்கூடம் (ராணிப்பேட்டை):

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. துணைப் பத்திரத்தில் 60 என்று எழுதுவதாக முடிவு செய்திருக்கிறோம்; சொன்னதும் கணவர் சிரித்துக்கொண்டே, "இத்தனை நாளும் அப்படித்தானே நடக்கிறது" என்றார். கடைசியாக ஓர் ஐயம். கூலித் தையலுக்குக் கொடுத்த ஒரு வாடிக்கையாளர் நெடுநாளாகப் பணம் பாக்கி வைத்திருக்கிறார். உத்யம் இருந்தால் 45 நாளில் பணம் வாங்கிவிடலாம் என்கிறார்களே, அது இந்தப் பழைய பாக்கிக்கும் பொருந்துமா?

ஓய்வுபெற்ற தொழில்துறை அலுவலர் (சென்னை) பதில்:

அது வேலை நடந்த தேதியைப் பொறுத்தது. எம்.எஸ்.எம்.இ. சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி, எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால் 16ஆவது பிரிவுப்படி ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாக. ஆனால் 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவுக்குப் பின்னர் பெறும் தகுதியை அதற்கு முன் நடந்த வழங்கல்களுக்குப் பின்னோக்கிப் பொருத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. எனவே உங்கள் உத்யம் சான்றில் உள்ள பதிவுத் தேதியையும், நிலுவையில் உள்ள விற்பனைப் பட்டியல்களின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதிவுக்குப் பின்னுள்ள பட்டியல்களுக்கு எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்தின் இணையத் தளம் வழியாக, இத்தகைய நிலுவைத் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்க மன்றத்தில் மனுச் செய்யலாம். எதிர்த் தரப்பு உங்கள் பதிவில் "வணிகம்" என்றுதானே இருக்கிறது என்று வாதிடக்கூடும் என்பதால், கூலித் தையல் செய்ததற்கான வேலை ஆணைகளையும், தோல் வந்ததற்கும் கையுறை போனதற்குமான அனுப்புகைச் சீட்டுகளையும் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னுள்ள பட்டியல்களுக்கு வழக்கமான வழிதான்: வழக்கறிஞர் அறிவிப்பு, பிறகு உரிமையியல் நீதிமன்றம். நிலுவைத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனிமேல் போடும் ஒவ்வொரு பட்டியலிலும் நிறுவனத்தின் பெயருக்குக் கீழே உத்யம் எண்ணையும், "நுண் நிறுவனம், உற்பத்தி" என்பதையும் அச்சிட்டுவிடுங்கள். சரக்கு இறக்கும்போது எதிர்த் தரப்பின் கிடங்கு முத்திரையும் தேதியும் அனுப்புகைச் சீட்டில் இருக்கிறதா என்று ஓட்டுநரைப் பார்க்கச் சொல்லுங்கள். 45 நாள் கணக்கு, சரக்கை அவர்கள் ஏற்றுக்கொண்ட அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும்.